நிவாரண நிதிக்கு நாட்டியமும் கச்சேரியும்: ஆறு வாரத்தில் நடத்தி முடிக்கும் வழி

கஜா புயலுக்குப் பிறகு ஒரு முறை, 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கியபோது இன்னொரு முறை என்று சென்னையில் நிவாரண நிதி நிகழ்ச்சிகளுக்கு ஓடியாடி வேலை பார்த்தவள் நான். பிறகு புதிதாக நடத்த வந்த சில குழுக்களுக்குப் பக்கத்தில் இருந்து உதவினேன். எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மண்டபத்தையும் பெயர் பெற்ற வித்வானையும் முதலில் பிடித்துவிட்டு, பணம் யாருக்கு, எந்தக் கணக்கில் என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறார்கள். அந்த வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

1. பணம் போய்ச் சேரும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

புயல் அடித்த முதல் வாரத்தில் வேண்டியது சோறு, குடிநீர், தார்ப்பாய். கச்சேரிப் பணம் அதற்குக் கிடைக்காது. இன்றே தொடங்கினாலும் நிகழ்ச்சிக்கு ஆறு வாரம், கணக்கு முடிந்து பணம் கைமாற இன்னும் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் முகாம்களை மூடியிருப்பார்கள், தொலைக்காட்சி வேறு செய்திக்குப் போயிருக்கும். ஊரில் மட்டும் படகும் மாடும் தோப்பும் இல்லாமல் ஜனங்கள் நிற்பார்கள். நாம் திரட்டுவது அந்தக் காலத்துக்கான பணம். இதை மனதில் பதித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் தாமாக நேராகும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா கரை கடந்தபின் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. நாங்கள் "தென்னங்கன்று கொடுப்போம்" என்று தீர்மானித்து நோட்டீஸ் வரை எழுதிவிட்டோம். ஊருக்குப் போய்க் கேட்டபோதுதான், விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தக் கூலிக்கும் இயந்திர வாடகைக்கும் காசில்லாமல் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. தோப்பு மரத்தால் மூடிக் கிடக்கும்போது கன்றை எங்கே நடுவது? நோட்டீஸைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதினோம்.

அதனால் நேரில் போங்கள். முடியாவிட்டால் போனிலாவது மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்: ஊராட்சித் தலைவர், உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியர், மகளிர் சுய உதவிக் குழுவில் ஒருவர். கேள்வி ஒன்றுதான்: "ரெண்டு மாசம் கழிச்சு உங்களுக்கு எது இல்லாம கஷ்டமா இருக்கும்?" மூவர் பதிலிலும் பொதுவாக வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரை மட்டும் கேட்டால் அவர் தெருவுக்கு மட்டும் உதவி போகும்.

தேவையை எண்ணக்கூடிய அலகாக மாற்றுங்கள். 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 70 தென்னங்கன்று. ஒரு கன்றுக்கும் குழிக்கும் எருவுக்கும் சேர்த்து என்ன செலவு என்று உள்ளூர் விலை கேட்டுப் போட்டால், நன்கொடையாளரிடம் "அரை ஏக்கருக்குக் கொடுங்கள்" என்று கேட்கலாம். "தாராளமாக உதவுங்கள்" என்று கேட்டால் தாராளமாக வருவதில்லை. எவ்வளவு கொடுப்பது என்று தெரியாத தயக்கத்தில் பலர் நூறு ரூபாயோடு நின்றுவிடுகிறார்கள்.

ஊரோடு நேரடித் தொடர்பு இல்லையென்றால் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு மொத்தமாகக் கொடுப்பது எளிய, சுத்தமான வழி. தெரியாத ஊரில் அரைகுறையாக இறங்குவதைவிட அதுவே மேல்.

ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். மண்டப வாசலில் பழந்துணி வாங்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரம் யாரும் தொடாத பழந்துணிகள் குவிந்து கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். அதைப் பிரிக்க, ஏற்ற, அனுப்ப ஆகும் செலவில் புதுத்துணியே வாங்கிவிடலாம்.

2. சொந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் வேண்டாம்

பணம் வாங்க, பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளை அல்லது சங்கத்தின் கணக்கு வேண்டும். உங்களிடம் இல்லையென்றால், இருக்கிற ஒன்றோடு இணைந்து நடத்துங்கள். நாட்டிய ஆசிரியையின் சேமிப்புக் கணக்குக்கு ஜிபே எண் கொடுப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. நேர்மையில் குறை இருக்காது. ஆனால் அந்தப் பணம் அவர் வருமானமாகக் கருதப்படலாம், கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது, நாளைக்கு யாராவது ஒரு கேள்வி கேட்டால் அவர் பெயர்தான் அடிபடும்.

இணையும் அமைப்பிடம் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிவிலக்குப் பதிவு நடப்பில் உள்ளதா, இந்த நிகழ்ச்சிப் பணத்தைத் தனியாகக் கணக்கு வைப்பார்களா, நிர்வாகச் செலவு என்று ஏதும் பிடிப்பார்களா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். பிறகு பிடித்தம் போக வந்த தொகையைப் பார்த்து மனத்தாங்கல்.

நன்கொடை கொடுப்பவரிடம் பெயர், முகவரி, பான் எண் மூன்றும் அப்போதே வாங்க வேண்டும். பான் இல்லையென்றால் வரிச்சான்று தருவதில் சிக்கல் வரும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிவிலக்கு கிடையாது என்பதைக் கவுன்ட்டரிலேயே எழுதி ஒட்டுங்கள். டிக்கெட் வாங்கியவர் இருக்கை பெறுகிறார், அது முழு நன்கொடை ஆகாது. ஆகவே டிக்கெட் ரசீது வேறு, நன்கொடை ரசீது வேறு. இரண்டையும் ஒரே புத்தகத்தில் போடுவதை எந்த ஆடிட்டரும் விரும்ப மாட்டார்.

வெளிநாட்டுப் பணம் தனிக் கதை. நிகழ்ச்சியை நேரலையில் காட்டினால் நியூஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் கொடுக்க விரும்புவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாகத் தன் சேமிப்பிலிருந்து அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. அப்படிப் பதிவு பெற்ற அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தரவும் 2020 திருத்தத்துக்குப் பின் வழியில்லை. அவர்களை, நிவாரண வேலையில் நேரடியாக இருக்கும், பதிவு பெற்ற அமைப்புக்கே அனுப்பச் சொல்லுங்கள். நேரலைத் திரையில் கியூஆர் கோடு போடுமுன் இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

3. டிக்கெட் அச்சடிக்குமுன் செலவை ஈடுகட்டுங்கள்

மண்டப வாடகை, சவுண்ட், லைட், ஜெனரேட்டர் டீசல், பக்கவாத்தியச் சன்மானம், மேக்கப், சாப்பாடு, வண்டி, அச்சு. இவ்வளவையும் எழுதி, மேலே பத்தில் ஒரு பங்கு கூட்டிப் போடுங்கள். எதிர்பாராத செலவு நிச்சயம் வரும். எங்களுக்கு வந்தது கடைசி நேரத்தில் மண்டபத்துக்காரர்கள் கேட்ட துப்புரவுக் கட்டணம்.

இந்த மொத்தத்தை டிக்கெட் பணத்திலிருந்து எடுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு பேரைத் தனியாகச் சந்தித்து, ஒவ்வொருவரையும் ஒரு செலவை ஏற்கச் சொல்லுங்கள். ஒருவர் மண்டபம், ஒருவர் சவுண்ட், ஒருவர் இரவு டிபன். கடைக்காரர், மருத்துவர், பெற்றோர் என்று தெரிந்தவர்கள் போதும். செலவு முழுதும் ஈடானபிறகுதான் "டிக்கெட் பணம் முழுவதும் நிவாரணத்துக்கே" என்று அச்சடிக்கலாம். அந்த ஒரு வரி இருந்தால் டிக்கெட் விற்பது எவ்வளவு எளிது என்பதை விற்றுப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஈடாகவில்லையென்றால் அந்த வரியைப் போடவே கூடாது.

ஸ்பான்சர்கள் பாதிச் செலவுக்குக்கூட வராவிட்டால் நிகழ்ச்சியைச் சிறிதாக்குங்கள். நாட்டியப் பள்ளியின் ஹாலில் நூறு பேருக்கு நடத்தி, மிஞ்சுவதை அப்படியே அனுப்பலாம்.

4. தேதியும் மண்டபமும்

மார்கழியில் சென்னைச் சபா அரங்குகள் எதுவும் கிடைக்காது. கிடைத்தாலும் ரசிகர் நான்கு கச்சேரிக்கு நடுவே உங்களுடையதை வைத்து எடைபோடுவார். நம் ஊரில் புயலும் வெள்ளமும் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வருவதால், பொங்கலுக்குப் பிந்தைய ஞாயிறுகள் தோதானவை. பிப்ரவரி பாதிக்கு மேல் பொதுத்தேர்வு நெருக்கம், நாட்டியம் ஆடும் பிள்ளைகள் வர மாட்டார்கள்.

மாலை 5 மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடியுங்கள். வயதான ரசிகர்கள் பஸ்ஸுக்காக எட்டு மணிக்கே எழத் தொடங்குவார்கள், நன்கொடை கொடுப்பவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான்.

மண்டபத்தை நேரில் பார்க்கும்போது மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். மரத்தளமா, சிமென்ட் மேல் கம்பளமா, ஆணி தலைதூக்கி இருக்கிறதா? கம்பளத்தின் மேல் அடவு (காலைத் தட்டி ஆடும் நாட்டிய அசைவு) போட்டால் சத்தமும் வராது, கால் சுளுக்கும். க்ரீன் ரூம் எத்தனை, கழிப்பறை மேடைக்குப் பின்னாலா, வெளியிலா, மின்வெட்டில் ஜெனரேட்டர் மேடை விளக்குகளையும் தாங்குமா, சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிவாரண நிகழ்ச்சி என்று சொன்னால் வாடகையில் குறைப்பவர்கள் உண்டு. ஆனால் எத்தனை மணிக்குச் சாவி கிடைக்கும் என்பதுதான் வாடகையைவிட முக்கியம். மதியம் 12 மணிக்குக் கிடைக்காவிட்டால் சவுண்ட் செக் நடக்காது.

5. கலைஞர்களும் சன்மானமும்

முதன்மைக் கலைஞர்கள் பெரும்பாலும் சன்மானம் வேண்டாம் என்பார்கள். அந்த வார்த்தையை அவருடைய குழு முழுவதற்கும் பொருத்திக்கொள்வது தவறு. நட்டுவாங்கம் செய்பவர் (தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துபவர்), மிருதங்கக்காரர், வயலின், புல்லாங்குழல், மேக்கப் போடுபவர், மைக் செட் ஆட்கள் எல்லோரும் நாள்கணக்கில் பிழைப்பவர்கள். சென்னை வெள்ளமென்றால் அவர்கள் வீட்டிலேயே தண்ணீர் புகுந்திருக்கும். எல்லோருக்கும் முழுச் சன்மானத்தைக் கவரில் வைத்து, முதலில் கொடுத்துவிடுங்கள். விரும்பி அதிலிருந்து திருப்பித் தருபவர்கள் தருவார்கள். அதற்கும் ரசீது போடுங்கள். மேடையில் வைத்து, "இன்று இவர்கள் எல்லோரும் இலவசமாக..." என்று அறிவித்து யாரையும் இக்கட்டில் மாட்டிவிடக் கூடாது.

மாணவிகளை ஆடவிடுவது நல்லது. நாற்பது பிள்ளைகள் என்றால் நூற்றுக்கு மேல் குடும்பத்தினர் டிக்கெட் வாங்குவார்கள். ஆனால் அவர்களை மூன்று குழுவுக்கு மேல் பிரிக்காதீர்கள். உடை மாற்றும் நேரம்தான் நிகழ்ச்சியைத் தின்னும். ஒவ்வொரு பத்துப் பிள்ளைக்கும் ஒரு அம்மா பொறுப்பு. யார் பிள்ளையை யார் கூட்டிப் போகிறார்கள் என்பதை நோட்டில் கையெழுத்து வாங்கித்தான் அனுப்ப வேண்டும்.

நேரலைக்கும் ஒளிப்பதிவுக்கும் ஒவ்வொரு கலைஞரிடமும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மேடைக்குப் போகும் வழியில் கேட்பது முறையல்ல.

6. அனுமதிகள்

உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு மூன்று வாரம் முன்பே கடிதம், மண்டப ரசீது நகலுடன். மூடிய அரங்கமானாலும் வண்டி நிறுத்தமும் கூட்டமும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நின்றாக வேண்டும்.

இசை, நடன நிகழ்ச்சிகளில் நபருக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதனால் டிக்கெட்டை 500க்குள் வைத்து, அதற்கு மேல் கொடுக்க விரும்புபவரிடம் தனியாக நன்கொடை வாங்குவது நல்ல ஏற்பாடு. உள்ளாட்சியின் கேளிக்கை வரி பற்றி மாநகராட்சி வருவாய்ப் பிரிவில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

பாட்டு உரிமையைப் பலர் நினைப்பதே இல்லை. "நல்ல காரியம்தானே" என்றால் போதாது. அமெச்சூர் குழுக்களுக்குப் பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கு, கட்டணமில்லாத அவையோருக்கோ மத நிறுவனத்தின் நன்மைக்கோ நடத்தும் நிகழ்ச்சிக்குத்தான். டிக்கெட் விற்று வெள்ள நிவாரணத்துக்கு நடத்துவது அதில் அடங்காது. இந்தியாவில் உரிமை, இயற்றியவர் மறைந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். தியாகராஜர் முதலிய கர்நாடக இசை மும்மூர்த்திகளின் கிருதிகளுக்குத் தடையில்லை. பாரதியார் பாடல்கள் அரசு வழியே எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டன. ஆனால் 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்கள் 2033 முடிய உரிமைக்குள் இருப்பவை. திரைப்பாடல்களும் பதிவு செய்த இசைக்கு ஆடுவதும் அப்படியே. அவற்றுக்கு ஐபிஆர்எஸ் (பாடல்களுக்கு), பிபிஎல் (ஒலிப்பதிவுகளுக்கு) போன்ற உரிம அமைப்புகளின் உரிமம் பார்க்க வேண்டும். பாட்டுப் பட்டியலை ஒரு மாதம் முன்பே வாங்கிவிட்டால், எதற்கு அனுமதி தேவை என்று நிதானமாகப் பார்க்கலாம்.

7. நாட்டியம் முன்னால், கச்சேரி பின்னால்

புதியவர்கள் "பாட்டில் தொடங்கி ஆட்டத்தில் உச்சம்" என்று திட்டமிடுவார்கள். மேடையில் அது நடக்காது. கச்சேரிக்கு, அரங்க மேடையின் நடுவில் ஒரு சிறு மேடையும் விரிப்பும் ஐந்தாறு மைக்கும் வேண்டும். அத்தனையையும் அகற்றித் தளத்தைத் துடைக்க இருபது நிமிடம் ஆகும். இன்னொன்று, மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், அப்பும் ரவை. வாசிக்க வாசிக்க அது உதிர்ந்து தளத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் வெறுங்காலோடு ஆடுபவர் சறுக்குவார், இல்லையேல் கால் ஒட்டி அடவு தடுமாறும். நாட்டியக் குழுவின் மிருதங்கக்காரர் ஓரத்தில் உட்காருவதால் அதில் தொல்லையில்லை.

குத்துவிளக்கும் அப்படித்தான். மேடை நடுவில் ஏற்றி, நகர்த்தும்போது எண்ணெய் சிந்தி, தொடக்க ஆட்டமான புஷ்பாஞ்சலியிலேயே ஒரு பெண் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். விளக்கை மேடைக்குக் கீழே வையுங்கள். பூத்தூவினால் உடனே கூட்ட ஓர் ஆள் துடைப்பத்தோடு திரைக்குப் பின்னால் நிற்கட்டும்.

நாட்டியம் 70 நிமிடம், இடைவேளை 20 நிமிடம், கச்சேரி 90 நிமிடம். பேச்சு மொத்தம் 10 நிமிடம், பொன்னாடை கிடையாது. பொன்னாடைக் காசையும் நேரத்தையும் நிதியில் சேர்க்கிறோம் என்று அழைப்பிலேயே எழுதிவிட்டால் சிறப்பு விருந்தினரும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்.

நன்கொடை வேண்டுகோளுக்குச் சரியான இடம் நாட்டியம் முடிந்த நிமிடம், திரை விழுமுன். மக்கள் நெகிழ்ந்திருப்பார்கள், அடுத்து இடைவேளை, காபிக்கு வெளியே வருவார்கள், கவுன்ட்டர் அந்த வழியில் இருக்கும். கச்சேரி முடிவில் வைத்தால் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போதே எழுந்து போனவர்களை இழந்துவிடுவீர்கள்.

வேண்டுகோளை ஊர்க்காரர் ஒருவர் பேசட்டும், மூன்று நிமிடம். தோப்பு எப்படி இருந்தது, இப்போது என்ன செய்யப்போகிறோம் என்று தன் வார்த்தையில் சொல்லட்டும். அழும் முகங்களைத் திரையில் காட்டாதீர்கள். அந்த முகத்துக்கு உரியவரிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள்.

8. டிக்கெட்

மூன்று விலை போதும்: 500, 300, 100. வரிசை எண்ணோடு அச்சடித்து, யாருக்கு எந்த எண்கள் என்று நோட்டில் குறித்துக் கொடுங்கள். விற்காத டிக்கெட்டைத் திருப்பி வாங்கும் கடைசித் தேதி, நிகழ்ச்சிக்கு நான்கு நாள் முன். இந்த ஒரு பழக்கம் இல்லாததால் ஒரே இருக்கைக்கு இருவர் வந்து நிற்பார்கள், கணக்கும் கடைசி வரை நேராகாது.

இலவசப் பாஸ் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பாஸ் கேட்பவரிடம் மறுப்பது கஷ்டம்தான். "இன்னைக்கு எங்க வீட்டு ஆளுங்களும் டிக்கெட் வாங்கித்தான் வர்றோம், மாமா" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அது உண்மையாகவும் இருக்க வேண்டும், குழுவினரே முதல் டிக்கெட்டுகளை வாங்குங்கள்.

9. நிகழ்ச்சி நாள்

12 மணிக்குச் சாவி, ஒரு மணிக்கு லைட், 2 மணிக்கு நாட்டியக் குழுவின் சவுண்ட் செக், மூன்றரைக்குக் கச்சேரிக் குழுவுக்கு. கச்சேரிக்காரர்களுக்கு வேண்டிய ஒலி அளவைச் சவுண்ட் ஆள் எழுதி வைத்துக்கொண்டால் இடைவேளையில் விரைவாக மாற்றலாம். நாலரைக்குக் கதவு.

கவுன்ட்டரில் எப்போதும் இரண்டு பேர்: ஒருவர் பணம் வாங்க, ஒருவர் ரசீது எழுத. கியூஆர் அட்டையை மண்டபம் முழுக்க ஒட்டாதீர்கள். ஒட்டிய அட்டைமேல் வேறு அட்டை ஒட்டும் மோசடி உண்டு. கவுன்ட்டர் மேசையில் ஒன்று, திரையில் ஒன்று போதும். ஸ்கேன் செய்ததும் வரும் பெயரை உரக்கச் சொல்லிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். உண்டியலுக்கு முத்திரை வைத்து, இரவு மூன்று பேர் முன்னிலையில் திறந்து, நோட்டு வாரியாக எண்ணித் தாளில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். களைப்பாக இருக்கிறது, நாளை எண்ணலாம் என்று பையை வீட்டுக்கு எடுத்துப்போக யாரையும் அனுமதிக்காதீர்கள்.

10. மறுநாள் முதல் அடுத்த மழை வரை

மறுநாளே ரொக்கம் வங்கிக்கு. ஏழு நாளுக்குள் எல்லா பில்லும் வந்து, பதினைந்தாம் நாள் ஒரு பக்கக் கணக்கு வெளியாக வேண்டும்: டிக்கெட் வரவு, நன்கொடை வரவு, செலவு, அதை ஏற்றவர்கள், அனுப்பிய தொகை. கலைஞர்களுக்கும் மண்டபத்துக்காரருக்கும் சவுண்ட் ஆளுக்கும்கூட ஒரு நகல் அனுப்புங்கள்.

தொகையை ஒரே தவணையில் கொடுத்துவிடாதீர்கள். கஜா நிதியில் நாங்கள் கற்றுக்கொண்டது இது. தென்னங்கன்று நட ஏற்ற பருவம் ஜூன், ஜூலை அல்லது டிசம்பர், ஜனவரி. பிப்ரவரியில் பணம் வந்த வேகத்தில் கன்று வாங்கி நட்டால் சித்திரை வெயிலில் தண்ணீரின்றிக் கருகும். அதனால் முதல் பாதியை மரம் அறுக்கவும் நிலம் திருத்தவும் உடனே கொடுத்தோம், மறு பாதியை ஜூனில். இடைப்பட்ட மாதங்களில் பணம் அறக்கட்டளைக் கணக்கில்தான் இருந்தது என்பதைக் காட்ட, வங்கி அறிக்கையின் நகலையும் கணக்கோடு சேர்த்து அனுப்பினோம்.

ஆறாம் மாதம் ஒருவர் ஊருக்குப் போய் வாருங்கள். எத்தனை கன்று வைத்தார்கள், எத்தனை பிழைத்தன என்று தோப்பில் நின்று எண்ணி, பட்டுப்போனவற்றையும் சேர்த்து எழுதி, டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் அனுப்புங்கள். எங்கள் கடிதத்தைப் படித்த ஒரு மிருதங்க வித்வான், பட்டுப்போன கன்றுகளுக்கு ஈடாக வேறு கன்று வைக்கத் தாமே பணம் கொடுத்தனுப்பினார். அதற்கும் ரசீது எழுதினோம்.